அதிக வெப்பமும் ஐந்தொகையும்

அன்புள்ள ஐயா,

குறைந்த ஆற்றல் அணுக்கரு வினைகளைப் பற்றிப் படித்து வருகிறேன். கனநீரில் (ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர்) பல்லேடியம் என்ற உலோகத்தாலான மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தினால், செலுத்தியதைவிட அதிக வெப்பம் வருகிறதாம். அது வெற்றிடத்திலிருந்து வருகிறது, அணுக்கருவுக்குள் ஆற்றல் மாறா விதி செல்லாது என்கிறது ஒரு கோட்பாடு. எம்.எஸ்சி. முடித்த நான் இதில் ஆய்வுக்குப் போகலாமா?

எஸ்., தேவகோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆர்வம் பிடித்திருக்கிறது. ஆனால் ‘விதி செல்லாது’ என்பதை எப்படி இவ்வளவு சுலபமாக எழுதினீர்கள்? படித்ததும் கோபம் வந்தது. சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

1989 மார்ச்சில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலாளர்கள் அமெரிக்காவின் யூட்டாவில் அறிவித்த வெப்பம் உண்மையிலேயே வழக்கமான டியூட்டீரிய அணுக்கரு இணைவிலிருந்து வந்திருந்தால், கூடவே வரும் நியூட்ரான்கள் பக்கத்தில் நின்றவர்களைக் கொன்றிருக்கும். இது உங்களுக்கே தெரியும், விடுங்கள்.

என் ஐயா பர்மாவில் பெட்டியடிப் பையனாக இருந்து தொழில் பழகியவர். ஐந்தொகையில் காசு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்; கூடினால் தூங்கமாட்டார். ஏதோ ஒரு வரவு எழுதாமல் விட்டுப்போயிருக்கிறது என்று பேரேட்டை முதலிலிருந்து புரட்டுவார். அதிக வெப்பத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மின்பகுப்பில் பிரியும் டியூட்டீரியமும் ஆக்சிஜனும் ஆற்றலை வெளியே கொண்டுபோவதாகக் கணக்கில் கழித்துவிடுகிறோம். அவை கலத்துக்குள்ளேயே மறுபடி சேர்ந்தால் அந்த வெப்பம் அங்கேயே வெளிப்படும். எங்கிருந்தோ புதிதாக வந்ததுபோலத் தெரியும். வாரக்கணக்கில் மின்சாரம் செலுத்திவிட்டு, வெப்பம் எகிறிய சில மணி நேரத்தை மட்டும் காட்டினால் அது கணக்கே இல்லை. முதல் நாளிலிருந்து கூட்டுங்கள். இணைவு நடந்திருந்தால் ஹீலியம் மிஞ்ச வேண்டும்; அது எவ்வளவு வந்தது என்றும் கேளுங்கள்.

அணுக்கரு ஓர் எலக்ட்ரானை வெளியேற்றும் பீட்டா சிதைவில் கணக்குப் பார்த்தபோது ஆற்றல் குறைந்தது; அப்போது இயற்பியலாளர் நீல்ஸ் போரே விதியைக் கைவிடத் தயாராக இருந்தார். இன்னொரு இயற்பியலாளர் பவுலி 1930-இல், கண்ணில் படாத ஒரு துகள் அதைக் கொண்டுபோகிறது என்றார். 1956-இல் அந்தத் துகள், நியூட்ரினோ, பிடிபட்டது. விதியை விடாமல் பிடித்துக்கொண்டதால் வந்த லாபம் அது.

மின்முனையில் எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து உருவாகும் நியூட்ரான்களே இந்த வெப்பத்துக்குக் காரணம் என்கிற வைடம்–லார்சன் கோட்பாட்டையும் நான் நம்பவில்லை. ஆனால் புரோட்டான் எலக்ட்ரானை விழுங்கி நியூட்ரானாக 0.78 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் தேவை என்று அவர்கள் செலவை எழுதிக் காட்டுகிறார்கள். வேதிவினையில் கிடைப்பதோ ஒரு சில எலக்ட்ரான் வோல்ட்தான். ‘வெற்றிடம் தருகிறது’ என்பவர் அந்த எண்ணைக்கூட எழுதுவதில்லை. அவர் பின்னால் போகாதீர்கள் தம்பி.

சரி, ஆய்வு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், பக்கத்திலேயே காரைக்குடியில் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிறது. மின்வேதியியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். சாதாரணத் தண்ணீரை மின்பகுத்து, வெப்பக் கணக்கை நேர்செய்து பழகுங்கள். பல்லேடியத்தை அப்புறம் தொடலாம்.