ஆள் உள்ளே இருக்கும்போது அலாரம்

கேள்வி: இரவில் வீட்டின் திருட்டு அலாரத்தைப் போட்டுவிட்டுப் படுத்தால், யாராவது தண்ணீர் குடிக்க எழுந்ததுமே அலறுகிறது. இப்போதெல்லாம் போடுவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் போடுவது, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகிறவர்களுக்கான 'அவே' முறை. உடல் சூட்டின் நகர்வைப் பார்க்கும் சென்சாருக்கு நீங்களும் திருடனும் ஒன்றுதான். இரவில் 'ஸ்டே' அல்லது 'ஹோம்' முறையைப் போடுங்கள். உள்ளே இருக்கும் சென்சார்கள் ஓய்ந்துவிடும். கதவு, ஜன்னலில் உள்ள காந்த சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும்.

ஒன்று கவனியுங்கள். ஜன்னலைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் உடைத்தால் காந்த சென்சாருக்குத் தெரியாது. கீழ்த்தளம் என்றால், உடையும் சத்தத்தை அறியும் சென்சார் அவசியம் என்பேன்.

வாசல் கதவைத் திறந்ததும் அலாரத்தை அணைக்கும் ரகசிய எண்ணை அழுத்த 30 விநாடி போல அவகாசம் இருக்குமே, இரவில் அதை எடுத்துவிடுங்கள். எல்லோரும் உள்ளேதானே, யாருக்காக அது? காற்றுக்காக ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா? அதை மட்டும் அலாரம் கண்டுகொள்ளாதபடி 'பைபாஸ்' செய்யலாம், ஆள் நுழைய முடியாதபடி ஜன்னலில் கம்பி போட்டிருந்தால்.

அப்புறம், அவகாசத்தை எடுத்துவிட்டால், அலாரத்தை அணைக்காமல் கதவைத் திறந்ததுமே அலறும். விடியற்காலையில் முதலில் கதவைத் திறப்பவர் யார்? எங்கள் வீட்டில் அப்பா. எண்ணெல்லாம் அவருக்கு ஒத்துவரவில்லை. சாவிக்கொத்தில் அலாரத்தை அணைக்கும் ஒரு ரிமோட்டை மாட்டிக் கொடுத்துவிட்டேன்.