ஆடிட்டர் எதைப் பார்ப்பார்? அரசுப் பணம், காப்பீட்டுப் பணம்: கேள்வி பதில்

கணக்குத் தணிக்கையில் 31 வருடம் இருந்துவிட்டு இப்போது வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் போனது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்த அலுவலகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை, யாரும் தேட வேண்டாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் சார். ஏ.ஜி. ஆடிட், எல்.எஃப். ஆடிட் இரண்டும் ஒன்றா?

இல்லைம்மா. ஏ.ஜி. என்பது மாநிலக் கணக்காயர். சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறதே, அந்த ஆபீஸ். அங்கே வேலை செய்பவர்கள் மாநில அரசு ஊழியர்கள் அல்ல, டெல்லியில் உள்ள சிஏஜியின், அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வருபவர்கள். அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையுள்ள பிரிவுகளும் 1971ஆம் வருடச் சட்டமும்தான் அவர்களுக்கு அதிகாரம். கலெக்டர் ஆபீஸ் ஆனாலும் சரி, மருத்துவக் கல்லூரி ஆனாலும் சரி, போய்ப் புத்தகத்தைக் கேட்கலாம்.

எல்.எஃப். என்பது உள்ளாட்சி நிதித் தணிக்கை. அது மாநில நிதித் துறையின் கீழ் இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, பல்கலைக்கழகம் எல்லாம் அவர்கள் கணக்கு. ஒருவர் மாநில அரசுக்கு வெளியே நிற்கிறார், இன்னொருவர் உள்ளே. தேர்வில் கேட்டால் இதை எழுதுங்கள், மார்க் வரும்.

லட்சக்கணக்கான பில் இருக்கிறது. எல்லாவற்றையும் எப்படிப் பார்ப்பீர்கள்? பார்ப்பது போல நடிப்பா?

கோபமான கேள்வி, ஆனால் நியாயமானது. எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பில் கருவூலத்தில் பாஸ் ஆனதும் அதன் விவரமும் வவுச்சரும் மாதாமாதம் கணக்காயர் அலுவலகத்துக்குப் போய்விடும். எந்தத் துறையில் எந்தத் தலைப்பில் திடீரென்று செலவு ஏறியிருக்கிறது, மார்ச் கடைசி வாரத்தில் யார் அள்ளி எடுத்திருக்கிறார்கள் என்பது கிளம்பும் முன்பே தெரியும். அதை வைத்துத்தான் எங்கே போவது, எந்த மாதத்தை எடுப்பது என்று முடிவு செய்வோம்.

போன பிறகு செய்வது ஒரே வேலைதான்: இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அந்த இரண்டையும் எழுதியவர்கள் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும்.

ஒரு சுகாதார நிலையத்தில் ஜீப் லாக் புக் பார்த்துக்கொண்டிருந்தேன். 11ஆம் தேதி முகாம் மேற்பார்வை 86 கிலோமீட்டர், 12ஆம் தேதி 74 கிலோமீட்டர். அழகான கையெழுத்து, அதிகாரி கையொப்பம், எல்லாம் சரி. அடுத்த கோப்பில் ஒரு ஒர்க்‌ஷாப் பில். கிளட்ச் பிளேட் மாற்றியது, வண்டி உள்ளே வந்தது 9ஆம் தேதி, வெளியே போனது 14ஆம் தேதி. ஒர்க்‌ஷாப்காரருக்கு லாக் புக் பற்றி என்ன தெரியும்? அவர் உண்மையை எழுதிவிட்டார். தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அதற்குப் பிறகு வருடம் முழுவதும் உள்ள லாக் புக்கை எடுத்தோம். மீட்டர் ஓடாமல் இருந்த ஏழு மாதமும் லிட்டருக்கு ஒரே மைலேஜ், ஒரு புள்ளி கூட ஏறவில்லை, இறங்கவில்லை. மலை ரோடும் அதே மைலேஜ், தார் ரோடும் அதே மைலேஜ்.

பெரிய ஊழலும் இப்படித்தான் மாட்டுகிறது. 1996இல் பீகாரில் வெடித்த மாட்டுத் தீவன ஊழலில், லாரியில் ஏற்றியதாக பில்லில் போட்டிருந்த வண்டி எண்களைப் போக்குவரத்துப் பதிவேட்டோடு ஒப்பிட்டபோது சில எண்கள் ஸ்கூட்டருடையவை என்று தெரிந்தது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் அம்மாவுக்கு இதய ஆபரேஷன் ஆனது. நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை. அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறது, யார் சரிபார்க்கிறார்கள்?

அம்மா நலமாக இருக்கட்டும். 2012 ஜனவரியில் இந்தப் பெயரில் திட்டம் தொடங்கியது, அதற்கு முன்பு 2009இல் கலைஞர் காப்பீடு. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்த்தார்கள். நம் மாநிலத்தில் இது இன்சூரன்ஸ் முறை. குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு பிரீமியம் கட்டும், ஆஸ்பத்திரி கேட்கும் சிகிச்சைத் தொகையை, அதாவது கிளைமை, பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா கொடுக்கும்.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் தொகை உண்டு. ஆஸ்பத்திரி முதலில் முன் அனுமதி கேட்கும், சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, போட்டோ எல்லாவற்றையும் ஏற்றும். இன்சூரன்ஸ் பக்கத்து மருத்துவர்கள் பார்த்துத் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம். இது முதல் வடிகட்டி. மாநிலத்தில் திட்டத்தை நடத்தும் அமைப்பு சந்தேகமான கிளைமை மறுபடி பார்ப்பது இரண்டாவது. சிஏஜி வருவது எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் கழித்து. அவர்கள் ஆபரேஷன் சரியா என்று பார்ப்பதில்லை. வடிகட்டி வேலை செய்ததா என்று பார்க்கிறார்கள்.

பிரீமியம் முறையில் நிறையப் பேர் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. தகுதி இல்லாதவர் பட்டியலில் இருந்தால், அவர் ஒரு நாள் கூட ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும் அரசுக்கு நஷ்டம், ஏனென்றால் அவர் தலைக்கும் சேர்த்துத்தான் பிரீமியம் போகிறது. 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி அறிக்கை தமிழ்நாட்டுப் பட்டியலில் 1,07,040 ஓய்வூதியர்களைக் கண்டுபிடித்தது. அவர்களுக்காகக் கட்டிய பிரீமியம் சுமார் 22.44 கோடி ரூபாய். கிளைம் பக்கத்தில் எவ்வளவு தோண்டினாலும் இது அகப்படாது. ஓய்வூதியப் பட்டியலையும் காப்பீட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

செத்தவர்களுக்கு வைத்தியம் பார்த்ததாகப் பணம் வாங்கினார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா? ஒரே போன் நம்பரில் ஏழு லட்சம் பேராமே?

அதே அறிக்கைதான், நாடு முழுவதற்குமான கணக்கு. சிகிச்சையின்போது இறந்ததாகப் பதிவான 88,760 பேரின் பெயரில் அப்புறமும் புதிய சிகிச்சை என்று 2,14,923 கிளைம்கள் கணினியில் இருந்தன. அதில் 3,446 பேர் தொடர்பான 3,903 கிளைம்களுக்கு 6.97 கோடி ரூபாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தது. 9999999999 என்ற எண்ணில் 7,49,820 பயனாளிகள் இருந்ததும் நிஜம். தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவுகள்.

வாட்ஸ்அப்பில் வராத பாதியையும் சொல்கிறேன். மத்திய சுகாதார அமைச்சகம் பதில் கொடுத்தது. அவசரமாகச் சேர்த்த நோயாளிக்கு, சேர்த்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் முன் அனுமதி கேட்க இடம் உண்டு. சேர்த்த அன்றே ஆள் இறந்துவிட்டால், அனுமதி கேட்ட தேதி இறந்த தேதிக்குப் பின்னால்தான் விழும். போன் நம்பரும் தகுதியைத் தீர்மானிப்பதில்லை, ஆரம்பத்தில் அது கட்டாயமாகவும் இல்லை என்றார்கள். போன் நம்பர் விஷயத்தில் எனக்கு அந்தப் பதில் ஓரளவு ஏற்புடையதே. கம்ப்யூட்டரில் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகாது. வெயிலில் வரிசை நிற்கும்போது பதிவு செய்யும் பையன் ஒன்பதைப் பத்துத் தடவை அமுக்குவான். நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஏழு ஆதாரில் நாலாயிரம் பேர் என்பதற்கு அந்தச் சமாதானம் போதாது. ஒரு ஆதார் ஒருவருக்குத்தான் என்று மென்பொருளுக்கே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

நான் கிராம சுகாதார செவிலியர். முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை விஷயத்தில் ஆடிட் வந்தால் எங்களைத் திருடர் மாதிரி பார்க்கிறார்கள். வீடு வீடாக நடப்பது நாங்கள்.

உங்கள் வருத்தம் நியாயம் சிஸ்டர். தப்பாகச் சந்தேகப்பட்ட கதை ஒன்றை நானே சொல்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கான 18,000 ரூபாய் திட்டம், அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகம், மீதி தவணை தவணையாகத் தாயின் வங்கிக் கணக்குக்கு. நாங்கள் கணக்கு எண்ணை வரிசைப்படுத்தி, ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று பார்ப்போம். ஒரு ஊரில் வேறு வேறு பெயர், வேறு வேறு பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்), ஆனால் ஒரே கணக்கு எண். மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் அக்காவும் தங்கையும். ஒரே வீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பாஸ்புக் இல்லாததால் மாமியார் கணக்கைக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் இரண்டும் திண்ணையில் தூளியில் ஆடிக்கொண்டிருந்தன. மாமியார் மோர் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தோம். “தாயின் சொந்தக் கணக்கில் செலுத்தவில்லை, விதி மீறல்” என்று மட்டும் எழுதினோம். அந்தச் செவிலியர் மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை: இந்த மாதிரி விலக்கு வரும்போது அன்றைக்கே பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு வரி காரணம் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். மூன்று வருடம் கழித்து வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அட்டை இருந்தும் தனியார் ஆஸ்பத்திரியில் தனியாக 20,000 வாங்கிவிட்டார்கள். ஆடிட்டில் பிடிபடுமா?

பிடிபடாது. உங்கள் கையிலிருந்து போன பணத்துக்குத் திட்டத்தின் கணினியில் தடமே இல்லை. பில் கேளுங்கள், தர மறுத்தால் தேதி, நேரம், யார் வாங்கினார் என்று எழுதிவைத்துக்கொண்டு திட்டத்தின் இலவச எண் 1800 425 3993இல் புகார் செய்யுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே செய்தால் பலன் அதிகம்.

இவ்வளவு கண்டுபிடித்தும் ஏன் ஒருத்தரும் ஜெயிலுக்குப் போவதில்லை?

ஆடிட்டர் போலீஸ் இல்லை. யாரையும் விசாரணைக்கு இழுக்கவோ, சம்பளத்தில் பிடிக்கவோ ஏ.ஜி. அலுவலகத்துக்கு அதிகாரம் கிடையாது. முதலில் அங்கேயே ஒரு குறிப்புக் கொடுப்போம், பதில் திருப்தி இல்லை என்றால் ஆய்வறிக்கையில் பத்தியாக ஏறும். நான்கு வாரத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி. வராது. வருடக்கணக்கில் தேங்கும். பெரிய விஷயமாக இருந்தால் சிஏஜி அறிக்கைக்குப் போய், ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும். அதன்பின் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். அதற்குள் அந்தச் செலவைச் செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார், சில சமயம் பேரன் கல்யாணமே முடிந்திருக்கும்.

என் கணக்கில் பழுது இருப்பது ஆடிட்டில் அல்ல, பதில் வாங்குவதில். துறைத் தலைவர் நினைத்தால் பத்தி படித்த அன்றே லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதலாம். நினைத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

சாதாரண ஆள் இந்த அறிக்கைகளைப் பார்க்க முடியுமா?

சட்டமன்றத்தில் வைத்துவிட்டால் சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதற்கு முன் கிடைக்காது. உங்கள் பேரூராட்சியின் தணிக்கை அறிக்கைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். “எல்லா விவரமும் தருக” என்று கேட்காமல் வருடத்தைச் சொல்லி “தணிக்கைத் தடைகள், அவற்றுக்கு அளித்த பதில்கள்” என்று கேளுங்கள். தடை என்றால் ஆடிட்டர் எழுப்பிய ஆட்சேபணை.

பேரூராட்சியில் கிளார்க் சார். தடைக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது. என்ன எழுதுவது?

“இனி வருங்காலங்களில் கவனமாக இருக்கப்படும்” என்று மட்டும் எழுதாதீர்கள் தம்பி. அந்த வரியை நான் பத்தாயிரம் தடவை படித்திருப்பேன், ஒரு தடை கூட அதனால் நீங்கியதில்லை. எம் புக்கை (செய்த வேலையின் அளவுகளை எழுதும் புத்தகம்) எடுங்கள், பில்லை எடுங்கள், தீர்மான நகலை எடுங்கள். இருப்பதை நகல் எடுத்துப் பக்க எண் போட்டு இணையுங்கள். இல்லாததை “பதிவேடு பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இல்லை” என்று எழுதி, அந்தப் பட்டியலையும் வையுங்கள். ஒப்படைப்புப் பட்டியலே இல்லாமல் சேர்ந்துவிட்டீர்களா? அப்படியானால் இன்றைக்கே பீரோவைத் திறந்து, இருப்பதை எல்லாம் எழுதி, செயல் அலுவலரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு அப்புறம் பதிலுக்கு உட்காருங்கள்.