மலையா, மழையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய கிரேக்கம் ஒரே நாடாகாமல் நகர அரசுகளாகச் சிதறிக் கிடந்ததற்கு மலைகளே காரணம் என்று படித்திருக்கிறேன். நிலத்துக்கு அவ்வளவு சக்தி உண்டா?
க.

அன்புள்ள க.,

பாதி உண்மை. கிரேக்கத்தின் கேயோஸ் தீவின் பரப்பு சுமார் 130 சதுர கி.மீ.தான், ஒரே நாளில் குறுக்கே நடந்துவிடலாம். அதற்குள் நான்கு தனி அரசுகள்! ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா பகுதியோ சுமார் 2,500 சதுர கி.மீ., நடுவில் ஹைமெட்டஸ், பென்டெலிகஸ் மலைகள். இருந்தும் முழுக்க ஏதென்ஸின் கீழ். கி.மு. 338இல் வடக்கேயிருந்து வந்து கிரேக்க அரசுகளை அடக்கிய மாசிடோனிய மன்னர் பிலிப்பையும் மலைகள் தடுக்கவில்லை.

கிரேக்கர்களின் வாழ்வை ஆட்டுவித்தது எது என்று என்னைக் கேட்டால், மழையைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ஏதென்ஸில் ஆண்டு மழை சுமார் 400 மி.மீ., பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரலுக்குள். மேற்கே கோர்ஃபுவில் 1,000க்கு மேல். சராசரி குறைவு என்பதைவிட, ஆண்டுக்கு ஆண்டு அது மாறுவதே பெரிய தொல்லை. கோதுமைக்கு 300 மி.மீ.யாவது வேண்டும், பார்லி 200இல் ஒப்பேற்றிவிடும். இருபதாம் நூற்றாண்டின் மழைப் பதிவுகளைக் கொண்டு வரலாற்றாசிரியர் பீட்டர் கார்ன்ஸி கணக்கிட்டார்: அட்டிகாவில் கோதுமை நான்கு ஆண்டுக்கு ஒருமுறைக்கும் மேல் பொய்க்கும், பார்லி ஏறத்தாழ இருபதாண்டுக்கு ஒருமுறை. ஏழைகளின் அன்றாட உணவு பார்லி மாவைப் பிசைந்த 'மாஸா'வாக இருந்ததில் வியப்பில்லை.

நிலத்தில் பாதியைத் தரிசாக விடுவார்கள். சும்மா விடுவதில்லை, வசந்தத்திலும் கோடையிலும் திரும்பத் திரும்ப உழுவார்கள், களை ஈரத்தைக் குடித்துவிடக் கூடாதே. முதல் மழைக்குப் பின் விதைப்பு, மே, ஜூனில் அறுவடை. ஒரே குடும்பத்தின் வயல்கள் ஊரைச் சுற்றித் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு சரிவில் ஆலங்கட்டி விழுந்தால் இன்னொன்று தப்பும். ஆலிவ் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நன்றாகக் காய்க்கும். நல்ல ஆண்டின் மிச்சம் பித்தோஸ் என்னும் பெருஞ்சாடிகளுக்குள் போகும்.

ஏதென்ஸ் பெருத்தபோது இதெல்லாம் போதவில்லை. கி.மு. 355 வாக்கில் கருங்கடல் கரையிலிருந்து மட்டும் நான்கு லட்சம் மெடிம்னோஸ் தானியம் வந்ததாக ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் சொல்கிறார். ஒரு மெடிம்னோஸ் சுமார் 52 லிட்டர். குளிர்காலத்தில் கடல் கொந்தளிக்கும், கப்பல் ஓடாது. கோடையில் வடகாற்று. வெறுங்கப்பல் வடக்கே ஏறத் திணறும், சரக்கோடு திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். எல்லாக் கப்பலும் ஹெலஸ்பான்ட் என்ற குறுகிய நீரிணை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

ஏதென்ஸோடு போரிட்ட ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் கி.மு. 405இல் அங்கேதான் ஏதென்ஸின் கடற்படையைப் பிடித்தார். தானியம் வரும் வழி அடைபட்டது, மறு ஆண்டு ஏதென்ஸ் பட்டினியில் சரணடைந்தது. ஏதென்ஸின் மதில்களை இடித்ததெல்லாம் அதற்குப் பிறகு.