பழைய ராணுவ ட்ரெய்லரை வாங்கி கேம்பராக மாற்றினால், நம் ஊர் வெப்பத்தில் அதில் நிம்மதியாகத் தூங்க முடியுமா? குளிர்சாதனம் கட்டாயமா?

தாராளமாகத் தூங்கலாம். குளிர்சாதனம் கட்டாயமில்லை. ஆனால் வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்யக் கிளம்பாதீர்கள். குளிர் உள்ளே நுழையாதபடி பெட்டியை அடைத்துக் கட்டுவது அவர்களுடைய கவலை. நமக்குக் காற்று வந்து போக வேண்டும்.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். மச்சான் பிறையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். லேண்ட்ரோவருக்குப் பின்னால் இழுப்பதற்காகச் செய்யப்பட்ட பிரிட்டிஷ் முக்கால் டன் சாங்கி (Sankey) ட்ரெய்லர் ஒன்று கிடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். கை வேலை அவருடையது, வாய் வேலை என்னுடையது என்பது என் மனைவியின் கணிப்பு.

முதலில் பத்திரம். ராணுவம் கழித்துவிட்ட ட்ரெய்லர் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கலாம். பதிவு செய்ய வழியில்லை என்றால் அது வெறும் இரும்புதான். பணம் கொடுப்பதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் விசாரியுங்கள். அமைப்பை மாற்ற ஒப்புதல், பரிசோதனை, காப்புறுதி மூன்றும் வேண்டும். வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வெட்டத் தொடங்குவதுதான் முறை. இந்த வேலை சலிப்பானது, அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வசதி மெத்தையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அது அச்சிலிருந்து தொடங்குகிறது. முக்கால் டன் என்றால் சுமார் 760 கிலோ. அவ்வளவு வெடிமருந்தையும் தண்ணீர்ப் பீப்பாயையும் ஏற்றிக்கொண்டு காட்டில் ஓடுவதற்காக அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகள் அவை. நம் கட்டில், அடுப்பு, பேட்டரி எல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதி வருவது கடினம். குறைந்த சுமைக்கு அந்த ஸ்பிரிங் வளையவே வளையாது. ஒவ்வொரு குழியிலும் ட்ரெய்லர் துள்ளும். திருகுகள் கழன்று விழும். பிளைவுட் மூட்டுகள் விட்டுக்கொடுக்கும். லோரி ஸ்பிரிங் வேலை பார்க்கும் பட்டறையில் கொடுத்து, முதன்மைப் பட்டையைத் தொடாமல், நடுவிலிருந்து சில பட்டைகளைக் கழற்றச் சொல்லுங்கள். கூடவே ஷாக் அப்சார்பரையும் புதிதாகப் போடுங்கள். டயர் காற்றையும் உங்கள் எடைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும். ட்ரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் அளவு முழுச்சுமைக்கானது.

டயர் என்றதும் ஒன்று. ராணுவ டயர்களில் பள்ளம் புதிதுபோல் ஆழமாக இருக்கும், ஏனென்றால் அவை அதிகம் ஓடியிருக்காது. பக்கச்சுவரைப் பாருங்கள். அங்கே நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பழைய டயரின் பக்கச்சுவரை விரலால் அழுத்தி விரித்தால் முடிபோன்ற வெடிப்புகள் தெரியும். எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பேரிங்கைத் திறந்து புதுக் கிரீஸ் வைப்பதும் அப்போதே முடிந்துவிடும்.

இணைப்பு அடுத்தது. ராணுவத்தில் வளையத்தைக் கொக்கியில் மாட்டுவார்கள். நேட்டோ வளையத்தின் உள்விட்டம் 76 மில்லிமீட்டர். மேடு பள்ளத்தில் எப்படி வேண்டுமானாலும் திரும்பும் என்பது அதன் பெருமை. நெடுஞ்சாலையில் 'டங் டங்' என்று ஓயாமல் இடிப்பது அதன் குணம். சாலைப் பயணம்தான் அதிகம் என்றால், எடைக்குத் தகுந்த 50 மில்லிமீட்டர் பந்து இணைப்புக்கு மாறுங்கள். பிரேக்கைக் கழற்றி எறியாதீர்கள். பல பிக்கப் வண்டிகளின் கையேட்டில், பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 750 கிலோதான் எல்லை. பழைய ட்ரெய்லர்களின் பிரேக், இழுக்கும் வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் முன்னால் தள்ளும் அழுத்தத்திலேயே பிடிக்கும். பின்னால் எடுக்கும்போதும் அதே அழுத்தம் வரும் அல்லவா? அதற்காக ஒரு தடுப்பு நெம்புகோல் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வண்டியைப் பின்னால் எடுக்க மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடைப் பங்கீட்டில் என் மாமா, ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், சமரசமே செய்யமாட்டார். "தம்பி, கண்ணளவு வேண்டாம், எடைமேடையில் ஏற்று" என்பார். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இணைப்பின்மேல் அமர வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வால் ஆடத் தொடங்கும்; பினாங்குப் பாலத்தின் நடுவில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம். தண்ணீர்த் தொட்டியையும் பேட்டரியையும் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ வையுங்கள்.

பழைய ராணுவ வண்ணத்தில் ஈயமும் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், வண்ணத்தின் மேலேயே வெல்டிங் வைக்காதீர்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள். எங்கள் பக்கத்துக் கடற்காற்றுக்குத் துரு எப்போதும் உள்ளிருந்துதான் வரும்: சட்டத்தின் குழாய்களுக்குள் தேங்கிய நீர். வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து, உள்ளே மெழுகுத் தெளிப்பு அடியுங்கள்.

இனி வெப்பம். இதில்தான் நம் வழி தனி வழி. குளிர்நாட்டில் உள்ளே தூங்குபவரின் மூச்சு ஈரம் குளிர்ந்த தகட்டில் படிகிறது. அதனால் அவர்கள் சுவரின் உள்பக்கம் ஈரத்தடுப்புத் தாளை ஒட்டுகிறார்கள். நம் ஊரில் குளிர்சாதனம் ஓடிய அறையின் சன்னல் கண்ணாடி காலையில் வெளிப்பக்கம் வியர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கிறது. அவர்கள் முறையைக் காப்பியடித்துக் குளிர்சாதனமும் போட்டால், ஈரம் சுவருக்குள் புகுந்து அந்தத் தாளின் பின்னால் சிக்கிப் பூஞ்சை பிடிக்கும்.

நாங்கள் முழுப்பெட்டி கட்டவில்லை. இரும்புத் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தூக்கும் கூரை; கூரைக்கும் தொட்டிக்கும் இடையில் நான்கு பக்கமும் கேன்வாஸ், அதில் பெரிய வலைச் சன்னல்கள். ஓடும்போது தாழ்வாக இருக்கும், காற்றும் அதிகம் பிடிக்காது. கூரை வெள்ளை நிறம். அதன்மேல் சில சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு கூரை. இது புதிய யோசனையே இல்லை. பழைய லேண்ட்ரோவர்களில் வெப்பநாடுகளுக்கென்று இப்படி இரட்டைக் கூரை வந்தது. மேல்தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடையில் காற்று ஓடும், கீழ்த்தகடு கைவைக்கும்படி இருக்கும். சூரியத் தகட்டையே அந்த மேல்கூரையாக்கிவிட்டால் ஒரே செலவில் இரண்டு வேலை முடியும். கீழே ஒரு காற்றுவழியும் மேலே வெளியேற்றும் விசிறியும் இருந்தால், மழைக்குக் கேன்வாஸை மூடினாலும் மூச்சு முட்டாது.

சாங்கியில் சக்கரங்கள் தொட்டிக்கு வெளியே இருக்கின்றன; அவற்றின்மேல் தட்டையான காப்புகள். அந்த மட்டத்துக்கே மேடை போட்டால் ஐந்தடி மெத்தை உட்காரும், மேடைக்கு அடியில் முழுதும் சாமான் அறை. மெத்தைக்கு அடியில் பலகையை மூடாமல் இடைவெளி விட்ட சட்டங்களாகப் போடுங்கள்; இல்லையென்றால் நம் ஈரப்பதத்தில் அடிப்பக்கம் கறுத்துவிடும். வலை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடற்கரையிலும் சதுப்புநிலத்தின் பக்கமும் இருக்கும் அகாஸ் பூச்சி சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்து வரும். மிக நுண்ணிய கண் உள்ள வலையைக் கேட்டு வாங்குங்கள். அது காற்றைக் கொஞ்சம் குறைக்கும். அதற்குத்தான் சன்னல் பெரிதாக வேண்டும் என்கிறேன்.

குளிர்சாதனக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சிறியது ஒன்று 500 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 4,000 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இருப்பது 1,280 வாட்-மணிதான். 200 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் நாள் முழுக்கத் தருவது சுமார் 800. மர நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. விசிறிக்கு இரவு முழுதும் 250 போதும். அதே பேட்டரியில் சின்னக் குளிர்பெட்டியும் விளக்கும் ஓடும். வெப்பமே ஆகாது என்பவர் அந்தப் பணத்தைப் பெட்ரோலில் போட்டுக் கேமரன் மலைக்குப் போகட்டும். அங்கே போர்வை கேட்பார். ராணுவ மின்சாரம் பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் பழைய விளக்கு, வயர் எல்லாவற்றையும் கழற்றி 12 வோல்ட்டில் புதிதாக இழுப்பதே நல்லது. பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும்.

சமையலுக்குப் பின்கதவைக் கிடையாகத் திறந்தால் அதுவே மேசை. தோசைக்கல் வைத்து நின்றபடி ஊற்றலாம். சாமான் பெட்டிக்கு அழுத்திச் சுழற்றும் பூட்டு போடுங்கள். தெலுக் பஹாங் குரங்குகளுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டே இல்லை. பாலிக் புலாவில் டுரியான் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். கேன்வாஸ் அந்த வாசனையை மறப்பதில்லை.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலி முகாமிடத்தில் மண்சரிந்து 31 பேர் இறந்தார்கள். செங்குத்துச் சரிவின் அடியில், குறிப்பாகத் தொடர்மழைக் காலத்தில், தங்காதீர்கள். அருவிப் பக்கமும் அப்படித்தான்: மேலே மலையில் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே பெருக்கெடுத்து வரும். கெப்பாலா ஆயிர் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆற்றோரம் நின்றால் கரைமேட்டில் நில்லுங்கள், வண்டியின் முகம் சாலையைப் பார்க்கட்டும், இரவில் ட்ரெய்லரை இணைப்பிலிருந்து கழற்ற வேண்டாம்.