கருவாடும் சொசேஜஸும் மூளைப் புற்றுநோயைக் கொண்டுவருமா?

கேள்வி: கல்முனைப் பக்கம் கருவாடு இல்லாத வீடு குறைவு. இப்போது சொசேஜஸும் சேர்ந்துவிட்டது. இவற்றால் பெரியவர்களுக்கு மூளைப் புற்றுநோய் வரும் என்று வட்ஸ்அப்பில் வந்த செய்தி மெய்தானா?

பதில்: இல்லை. மூளைப் புற்றுநோய்க்குக் காரணம் என்று கைகாட்டக்கூடிய ஓர் உணவு இதுவரை கிடைக்கவில்லை. தலைக்குப் பட்ட அதிகக் கதிர்வீச்சும், அரிதான சில பரம்பரை நோய்களும்தான் உறுதியான காரணங்கள்.

ஆனால் அந்தப் பயம் வெறும் புரளியும் அல்ல. சொசேஜஸ் பைக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பினால் 250 என்ற எண் இருக்கும். அது சோடியம் நைத்திரைற்று. இறைச்சியின் சிவப்பு மங்காமலும் கிருமி வளராமலும் அது காக்கிறது. வயிற்று அமிலத்தில் அது புரத உணவிலுள்ள அமீன்கள் என்ற பொருட்களோடு சேர்ந்து நைத்திரோசோ சேர்வைகளாகலாம்; இவற்றில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எதைல்நைத்திரோசோயூரியாவைச் சினை எலிக்குக் கொடுத்தால், பிறக்கும் குட்டிகளுக்கு நரம்பு மண்டலத்தில் கட்டி வருகிறது. சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது.

மனிதரில் அந்தச் சந்தேகம் ஏன் நிற்கவில்லை? ஆரம்ப ஆய்வுகளில் நோய் வந்தவரிடமோ அவர் உறவினரிடமோ "முன்பு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார்கள். மூளைக்கட்டி உள்ளவருக்கு ஞாபகமே குழம்பியிருக்கும். உறவினரோ காரணம் தேடித் தவிப்பவர். நோய் வருமுன்பே உணவைக் குறித்துவைத்து, அமெரிக்காவில் பெருந்தொகையானோரைப் பல வருடம் பின்தொடர்ந்தபோது தெளிவான தொடர்பு தெரியவில்லை. அஸ்பார்டேம் இனிப்பூட்டிக்கும் இதே கதைதான்.

அதற்காகச் சொசேஜஸ் நல்லதென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் உறுதிப்படுத்தியது: தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து ஏறத்தாழ 18 சதவீதம் கூடும்.

வெறும் உப்பும் வெயிலும் மட்டும் பட்ட கருவாட்டில் முதல் கவலை பிரஷர். அரை மணித்தியாலம் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பிறகு கறிக்கு உப்புப் போட வேண்டியிராது. தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நல்லது: வைற்றமின் சி நைத்திரோசோ சேர்வை உருவாவதைத் தடுக்கும். உடலில் ஓரளவு நைத்திரைற்றாக மாறும் நைத்திரேற்று கீரையிலும் நிறையத்தான் உண்டு. அதைப் பார்த்துப் பொன்னாங்காணியை ஒதுக்கினால் நட்டம் உங்களுக்குத்தான்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கிணறு. கரையோர மணல் நிலத்தில் மலகூடக் குழி பக்கத்திலிருந்தால் நைத்திரேற்று ஊறி வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றோ தண்ணீர் வற்றவற்ற செறிவாகும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் வீடென்றால் கட்டாயம் பரிசோதித்துப் பாருங்கள். இந்த எல்லை வகுத்ததே முதலில் குழந்தைகளுக்காகத்தான்.

இன்னொன்று. பெரியவர்களின் மூளையில் காணும் கட்டிகளில் கனக்க, வேறிடத்துப் புற்றுநோய் பரவி வந்தவை. நுரையீரலில் இருந்து வருவதே அதிகம். சாப்பாட்டுத் தட்டைச் சந்தேகிக்குமுன் சிகரெட்டை விடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் நிறுத்துங்கள். அது வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி.

விடியற்காலையில் கூடி, நாளுக்கு நாள் ஏறும் தலையிடியும் வாந்தியும், முன்பில்லாத வலிப்பு, ஒருபக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், திடீரென மாறிய குணம்: இவற்றில் எது வந்தாலும் பத்தியம் பார்த்துக் காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வலிப்போ திடீர்ச் சோர்வோ பேச்சுக் குழறலோ என்றால் உடனேயே.