அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கும்போது கொலு வைக்கலாமா? – கேள்வி பதில்

பெற்றோரின் நோய்க்காலத்தில் குடும்பம் கூடுவது பற்றியும் கைவேலைகள் பற்றியும் சிலர் கேட்டவற்றுக்கு, வலி நிவாரணப் பராமரிப்பில் பணியாற்றும் செவிலியர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகக் கீமோதெரபி நடக்கிறது. இந்த ஆண்டு கொலு வேண்டாம் என்று அண்ணன் சொல்கிறார். அம்மாவோ வைத்தே ஆக வேண்டும் என்கிறார்.

பதில்: நாள் பார்த்துச் செய்வதானால் நான் அம்மாவின் பக்கம். பல கீமோ மருந்துகளில், மருந்து ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையில், கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது கூட்டம் கூடாது. உங்கள் அம்மாவின் மருந்துக்கு அவை எந்த நாள்கள் என்பதை மருத்துவரிடம் கேட்டு ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று பேராக அழையுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வர வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறில்லை. சுண்டலை அன்றன்று செய்து சூடாகக் கொடுங்கள். அம்மாவுக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல் வந்தால், இரவானாலும் விருந்தினர் இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, வருபவர்களெல்லாம் பார்த்துவிட்டுப் போகும்படி ஆகிவிடக் கூடாது. எந்தப் பொம்மை எந்தப் படியில் என்று அவரே சொல்லட்டும். நீங்களும் அண்ணனும் எடுத்து வையுங்கள். 9 படி 3 ஆகக் குறைந்தாலும் கொலு கொலுதான். நோய் விசாரிக்க வருபவர்களில் சிலர், அதே நோயில் இறந்துபோன உறவினரின் கதையைத் தாம்பூலம் வாங்கும் வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களை வாசலிலேயே எதிர்கொண்டு பேச்சை மாற்றும் பொறுப்பை அண்ணனிடம் கொடுங்கள்.

கேள்வி: அப்பா மருத்துவமனையில் இருந்தபோது நான் குரோஷா பின்னிக்கொண்டிருந்தேன். "இந்த நேரத்தில் இது தேவையா?" என்று அத்தை கேட்டது உறுத்துகிறது.

பதில்: தேவைதான். துணையிருப்பவரின் பொழுதில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகிறது: ஸ்கேனுக்கு, அதன் முடிவுக்கு, மருத்துவர் வரும் நேரத்துக்கு. அந்த நேரத்தில் மனம் நடக்காததையெல்லாம் நடந்துவிட்டதாகவே எண்ணிப் பார்க்கும். கண்ணிகளை எண்ணும் வேலை அதற்கு ஒரு பிடிமானம். யாராவது அழைத்தால் பாதியில் வைத்துவிட்டு எழலாம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால், வார்டில் ஓவியத்தையும் எழுத்தையும்விடப் பின்னலே ஏற்றது என்பது என் எண்ணம். குறித்த நாளுக்குள் முடிப்பது, விற்பது, படம் எடுத்துப் போடுவது என்ற கணக்குகள் மட்டும் வேண்டாம். அவை இன்னொரு கடமையாகிவிடும். அடுத்த நூலின் நிறத்தை அப்பாவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

பின்னலால் தீராத சோர்வும் உண்டு. 2 வாரத்துக்கு மேலாக உறக்கமோ எதிலும் நாட்டமோ இல்லையென்றால், உங்களுக்காகவும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவைப் பேத்தியின் பிறந்தநாள் விருந்துக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: போகலாம். டயாலிசிஸ் நடந்த அன்று பலருக்குக் களைப்பு மிகும் என்பதால் மறுநாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாழைப்பழத்திலும் இளநீரிலும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் மிகுதி. ஊறுகாய், அப்பளத்தில் உப்பு மிகுதி. பரிமாறிய பிறகு எல்லார் முன்னிலையிலும் இலையிலிருந்து எடுப்பதைவிட, முதலிலேயே வைக்காமலிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: மறதி நோயுள்ள அம்மா, உறவினர் கூடினால் மிரள்கிறார். முன்பு நன்றாகப் பாடுவார்.

பதில்: "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்?" என்று யாரையும் கேட்கவிடாதீர்கள், வருபவரே தம் பெயரையும் உறவையும் சொல்லிக்கொண்டு அருகில் அமரட்டும். இந்நோயில் மாலையில் குழப்பம் கூடுவது வழக்கமாதலால் காலையில் கூடுங்கள். பெயர்கள் மறந்த பிறகும் இளமையில் பாடிய பாடல்கள் பலரிடம் தங்கியிருக்கின்றன. நீங்கள் முதலடியைப் பாடுங்கள், அவர் சேர்ந்துகொள்ளக்கூடும். சேராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கையாக இருப்பதால் தங்கையின் வளைகாப்புக்குக்கூட என்னால் போக முடியாதுபோலிருக்கிறது.

பதில்: "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டவர்களில் ஒருவரிடம், இன்ன நாள், இன்ன நேரம் என்று குறிப்பிட்டே கேளுங்கள். மருந்து நேரங்களையும், எப்போது எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் வாருங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரணப் பராமரிப்பும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள்.