விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசு வட்டுகள் காலப்போக்கில் என்ன ஆகும்? அந்தத் தூசு கோள்களாகத் திரளுமா?

திரளாது. நீங்கள் மனதில் வைத்திருப்பது விண்மீன் பிறந்த புதிதில் இருக்கும் வட்டு. வாயுவும் தூசும் கலந்த அந்த வட்டில்தான் கோள்கள் உருவாகின்றன, ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்குள் அதன் வாயு கலைந்துவிடும். அதற்குப் பிறகும், பல கோடி ஆண்டு வயதான விண்மீன்களைச் சுற்றிக்கூடத் தூசு தெரிகிறதே, அதன் கதை வேறு. கோள்கள் உருவானது போக மிஞ்சிய பாறைகளும் பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதி நொறுங்குவதால் வரும் தூள் அது. நம் சூரியனுக்கும் அப்படிப்பட்ட மிச்சங்கள் உண்டு: சிறுகோள் பட்டை, நெப்டியூனுக்கு அப்பால் கைப்பர் பட்டை.

இது வெறும் ஊகம் இல்லை. 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோளின் கருவிகளை அளவு திருத்துவதற்காக வேகா விண்மீனைப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான அகச்சிவப்பு ஒளி வந்தது. அந்த ஒளியை உமிழும் குளிர்ந்த தூசு வேகாவைச் சுற்றி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வேகாவின் வயதோ சுமார் 45 கோடி ஆண்டு. அத்தனை காலம் தூசு அங்கேயே இருந்திருக்க முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு பாறை விண்மீனைச் சுற்றி வருகிறது, அதிலிருந்து ஒரு துகள் பெயர்கிறது என்று வையுங்கள். பெயரும்போது துகளுக்கும் பாறையின் அதே வேகம்தான். ஆனால் துகள் மிகச் சிறியதாக இருந்தால் விண்மீனின் ஒளி அதை வெளியே தள்ளும். இந்தத் தள்ளுவிசை ஈர்ப்புவிசையில் பாதியை எட்டினாலே போதும், அந்த வேகம் துகள் தப்பிப்போகும் வேகமாகிவிடும். அப்புறம் அது திரும்பி வராது. ஈர்ப்பும் ஒளியழுத்தமும் தொலைவு கூடக் கூட ஒரே விகிதத்தில் குறைவதால், துகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இங்கே பொருட்டே இல்லை, அதன் அளவுதான் எல்லாம். சூரியனைப் போன்ற விண்மீனில் துகளின் அளவு ஏறக்குறைய ஒரு மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் வெளியேற்றம்தான். வேகா போன்ற பிரகாசமான விண்மீனில் அதைவிடப் பெரிய துகள்களும் போய்விடும். இந்த எல்லைக்கு மேலே உள்ள துகள்களும் நிலையாக இருப்பதில்லை. ஒளியை உறிஞ்சி உமிழும்போது அவை சுற்றுவேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்து உள்நோக்கிச் சுழன்று விழுகின்றன. பூமியின் தூரத்தில் இருக்கும் பத்து மைக்ரான் துகள் பத்து, இருபதாயிரம் ஆண்டுகளில் சூரியனிடம் போய்ச் சேர்ந்துவிடும். அடர்த்தியான வட்டுகளில் அதற்குக்கூட நேரம் கிடைக்காது, அதற்குள் இன்னொரு துகளோடு மோதி உடைந்துவிடும்.

ஆக, நாம் காணும் தூசு அண்மையில் உண்டானது. பெரிய பாறை உடைந்து சின்னப் பாறைகள், அவை உடைந்து கற்கள், கற்கள் உடைந்து தூள் என்று இறங்கிக்கொண்டே வருகிறது. இப்படி அரைபடும் கூட்டத்தில் எந்த அளவில் எத்தனை துண்டுகள் இருக்கும் என்று 1969-இலேயே டோஹ்னானி என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதன்படி நிறை பெரும்பாலும் பெரிய பாறைகளில் இருக்கிறது, பரப்பு பெரும்பாலும் சின்னத் துகள்களில் இருக்கிறது. தொலைநோக்கிக்குத் தெரிவது பரப்புதான். தூசு கண்ணில் படுகிறது, அதை உண்டாக்கும் மலைகள் படுவதில்லை.

இதிலிருந்து எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று வருகிறது. பாறைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ அவ்வளவு அடிக்கடி மோதும், அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதனால் மிக அதிக நிறையோடு தொடங்கிய பட்டையும் ஓரளவு நிறையோடு தொடங்கிய பட்டையும் போதுமான காலம் கழித்து ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன. அதன் பிறகு காலம் இரட்டித்தால் நிறை பாதியாகும். ஆகவே வயதுக்குப் பொருந்தாத அளவுக்கு ஒரு விண்மீனின் அருகில் சூடான தூசு இருந்தால், அங்கே அண்மையில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது, அல்லது வெளியிலிருந்து ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சரி, கோள்களின் பங்கு? மோதல்கள் வட்டை மெல்ல மெல்லத் தேய்க்கின்றன. கோள்கள் அதற்கு உருவம் கொடுக்கின்றன, சில சமயம் ஒரேயடியாகக் காலி செய்துவிடுகின்றன. கைப்பர் பட்டையின் இன்றைய நிறை பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொடக்கத்தில் அதுபோல் பல மடங்கு இருந்து, நெப்டியூன் வெளியே நகர்ந்தபோது பெரும்பகுதி சிதறடிக்கப்பட்டது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

கோள் வட்டை வளைக்கும் என்பதற்கு பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீன் நல்ல சாட்சி. 63 ஒளியாண்டு தூரம், சுமார் 2 கோடி ஆண்டு வயது. விளிம்பு நம் பக்கம் இருக்கும் அதன் வட்டை 1984-இல் படமெடுத்தார்கள். பின்னர் அதன் உட்பகுதி சற்றுச் சாய்ந்திருப்பது தெரிந்தது. சாய்ந்த பாதையில் சுற்றும் ஒரு கோள் இருந்தால்தான் இப்படி ஆகும் என்று 1990-களில் கணித்தார்கள். 2003-இல் எடுத்த படத்தில் விண்மீனின் ஒரு பக்கம் இருந்த மங்கலான புள்ளி, 2009-இல் மறுபக்கம் வந்திருந்தது. கோளேதான், வியாழனைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நிறை.

ஆனால் புள்ளியெல்லாம் கோள் அல்ல. 25 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஃபோமல்ஹாட் விண்மீனின் வளையம், மையம் விலகி ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. அந்த வளையத்தருகே ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 2004-இலும் 2006-இலும் ஒரு புள்ளியைப் படமெடுத்தது. 2008-இல் அதைக் கோள் என்று அறிவித்தார்கள். கோளுக்குரிய அகச்சிவப்பு ஒளி மட்டும் அதிலிருந்து வரவே இல்லை. புள்ளி வரவர மங்கி, பரவி, 2014-இல் காணாமலே போனது. இரண்டு பெரிய பாறைகள் மோதிக் கிளம்பிய தூசு மேகம் விரிந்து கலைந்தது என்று 2020-இல் வந்த ஆய்வு விளக்கியது. 2023-இல் அதே வளையத்தருகே ஹபிளின் படத்தில் இன்னொரு புள்ளி தெரிந்தது, அதுவும் மோதலின் மேகம் என்றே கொள்ளப்படுகிறது. கோள் கிடைக்கவில்லை என்று பலர் வருந்தினார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி, காரணம் வட்டைத் தூசால் நிரப்பும் மோதலையே நாம் நேரில் பார்த்திருக்கிறோம்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஃபோமல்ஹாட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பட்டைகளைக் காட்டியது. வயதிலும் தூரத்திலும் ஏறக்குறைய அதேபோன்ற வேகாவின் வட்டோ பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கிறது, பெரிய கோள்கள் செதுக்கிய தடம் எதுவும் தென்படவில்லை. ஒரே மாதிரி இரண்டு விண்மீன்களுக்கு ஏன் இப்படி இருவேறு வட்டுகள் என்பதுதான் இந்தத் துறையில் இப்போது பலர் மல்லுக்கட்டும் கேள்வி. நீங்கள் மேலே படிக்க விரும்பினால் அங்கிருந்தே தொடங்குங்கள்.